லேபிளைப் படியுங்கள், பில்லைக் கேளுங்கள்: கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வோர் கேள்வி-பதில்

கம்ப்யூட்டரைத் தாமே அசெம்பிள் செய்பவர்களின் கடிதங்கள் நிறைய சேர்ந்துவிட்டன. இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். ஊர்ப் பெயர் மட்டும் போதும்.

கேள்வி (கோவை): ஐ5 12400எஃப், எச்610 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் வாங்கி நானே மாட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு அடுத்த வருடம்தான் வாங்குவேன். போர்டை மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. பெயர் எஃப் என்று முடிந்தால் அந்த ப்ராசஸருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. போர்டில் எச்டிஎம்ஐ போர்ட் இருந்தும் படம் வராது. வித்தியாசப் பணத்தைக் கொடுத்து எஃப் இல்லாத 12400 ஆக மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். கடைக்காரர் மறுத்தால் அவர் மேல் தப்பு சொல்ல முடியாது.

கேள்வி (திருநெல்வேலி): காலேஜ் மாணவன். ஆன்லைனில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி கார்டு 3,400 ரூபாய்க்கு வாங்கினேன். என்விடியா டிரைவர் ஏறவே இல்லை. விற்றவர் கொடுத்த டிரைவரைப் போட்டால் கேம் திறந்ததும் நீலத் திரை. ஜிபியு-இசட் என்ற சோதனை மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று வருகிறது. திருப்பி அனுப்பும் நாள் முடிந்துவிட்டது என்கிறார்கள்.

பதில்: தம்பி, உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. சோதித்துப் பார்த்திருக்கிறீர்கள், சரியான கருவியைத்தான் பயன்படுத்தியிருக்கிறீர்கள். இது 2010, 2011 காலத்து ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற கார்டுகளின் பயாஸை (கார்டு தன் பெயரைச் சொல்லும் உள் நிரலை) மாற்றி, புதுப் பெயர் எழுதி விற்கிற மோசடி. விண்டோஸ் அந்தப் பொய்ப் பெயரை அப்படியே காட்டும். ஜிபியு-இசட் உள்ளே இருக்கும் சிப்பைப் பார்த்துச் சொல்லிவிடும். கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். நீல நிற விஜிஏ போர்ட் இருக்கிறதா? என்விடியாவின் 10 வரிசைச் சிப்புகளில் அந்தப் பழைய அனலாக் இணைப்பே கிடையாது. 1050 டிஐ என்று சொல்லிக்கொண்டு விஜிஏ போர்ட்டோடு வருகிற கார்டை அந்த இடத்திலேயே சந்தேகப்படலாம்.

'திருப்பும் நாள் முடிந்தது' என்பது பொருள் பிடிக்காமல் போனவர்களுக்கான விதி. பெயரை மாற்றிப் போலியை விற்றதற்கு அது கேடயம் ஆகாது. ஜிபியு-இசட் திரை, கார்டின் இரண்டு பக்கம், விற்பனைப் பக்கத்தின் படம், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் இன்றே எடுத்து வையுங்கள். பக்கத்தை அவர்கள் நாளைக்கே நீக்கிவிடலாம். அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் அவர் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அசையவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. 3,400 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்பார்கள். அப்படிக் கேட்டு எல்லாரும் விட்டுவிடுவதால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. விடாதீர்கள்.

கேள்வி (சேலம்): 2 டிபி பென்டிரைவ் 799 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி (தஞ்சாவூர்): 12400எஃப்-உடன் ஆர்எக்ஸ் 6600 கார்டு போடப் போகிறேன். கேபினட்டோடு 500 வாட் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் சப்ளை பெட்டி) சேர்த்து 1,900 ரூபாய் என்கிறார்கள். பிராண்டு எஸ்எம்பிஎஸ் 450 வாட்டே 3,000-க்கு மேல். வாட் குறைவாக இருப்பதற்கு எதற்கு அதிகப் பணம்?

பதில்: இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த எஸ்எம்பிஎஸ்-ஸைக் கையில் வாங்கி, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். இன்றைய ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் இழுப்பது பெரும்பாலும் 12 வோல்ட்டில் இருந்துதான். அந்த ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் உங்களுக்கு உண்மையில் கிடைக்கிற வாட். நான் பார்த்த பல லோக்கல் பெட்டிகளில் 500 என்று விரல் உயரத்துக்கு அச்சடித்திருக்கும், 12 வோல்ட் கட்டத்தில் 14 ஆம்பியர் இருக்கும். பெருக்கினால் 168 வாட். அதுவும் அவர்களே எழுதிக்கொண்ட கணக்கு. நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்-ஸில் அதே கட்டத்தில் 35 ஆம்பியருக்கு மேல் இருக்கும், 420 வாட்டைத் தாண்டும். உங்கள் கார்டுக்கு 132 வாட், ப்ராசஸர் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். மற்றதைச் சேர்த்தால் 300 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 450 தாராளம். அந்த 500 தாங்காது.

லோக்கல் எஸ்எம்பிஎஸ்-ஸில் கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின் ஒயரும் பல நேரம் இருக்காது. பழைய ஹார்ட் டிஸ்க் பின்னில் இருந்து மாற்றுகிற ஒரு ஒயரைக் கடையில் இலவசமாகக் கொடுப்பார்கள். கேம் ஆடும்போது அந்தப் பிளாஸ்டிக் பழுத்து உருகியதைப் பார்த்திருக்கிறேன்.

வாட் மட்டும்தான் பிரச்சினை என்றால்கூடப் போகட்டும் என்று விடலாம். உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. கரண்ட் நுழையும் இடத்தில் ஃபில்டர் காயிலும் கெப்பாசிட்டரும் இருக்க வேண்டும். சர்க்யூட் போர்டில் அவற்றுக்கான இடம் அச்சாகியிருக்கும், பெயர்கூட எழுதியிருக்கும். ஆனால் காயில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பியை வைத்து ஈயம் பற்ற வைத்திருப்பார்கள். வோல்டேஜ் எகிறினால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பும் இருக்காது. அதனால் அது போகும்போது தனியாகப் போகாது. எங்கள் வீட்டிலும் ஒரு கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ் ஒரு கோடை மதியம் போனது, மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. போர்டை மறுபடி வாங்கிவிட்டேன். டிஸ்க்கில் இருந்த வீட்டுப் படங்களை எங்கே போய் வாங்குவது? (உள்ளே பார்க்கிறேன் என்று யாரும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.)

80 ப்ளஸ் முத்திரை இருந்தால் போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று, பாதுகாப்புக்கான சான்று அல்ல. ஆனாலும் அந்த அளவை எட்ட ஓரளவு ஒழுங்கான சர்க்யூட் வேண்டும். அதனால் முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம். முத்திரையை மட்டும் போலியாக அச்சடிப்பவர்களும் இருப்பதால், மாடல் பெயரை 80 ப்ளஸ் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

500 வாட் என்று எழுதி 168 வாட்டை விற்பது பொய்த் தகவல் கொடுத்து விற்பது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை நியாயமற்ற வணிக முறை என்றே சொல்கிறது. சென்னை ரிச்சி தெருவில் பாதிக் கடைகளின் வாசலில் அடுக்கி வைத்திருப்பதால் அது சரியாகிவிடாது. பட்ஜெட் இடிக்கிறதா? கேபினட்டில் குறையுங்கள். கண்ணாடிக் கதவும் கலர் லைட்டும் இல்லாமல் கம்ப்யூட்டர் ஓடும்.

கேள்வி (காரைக்குடி): கேபினட்டைத் தொட்டால் கையில் சுர்ரென்று இழுக்கிறது. எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று கடையில் மாற்றிக் கொடுத்தார்கள். புதிதிலும் அப்படியே.

பதில்: எஸ்எம்பிஎஸ் மேல் பழி வேண்டாம். உங்கள் வீட்டு பிளக்கில் எர்த் இல்லை. ஒழுங்கான எஸ்எம்பிஎஸ்-ஸில் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கேபினட் உடம்போடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு அதன் வழியே இறங்கிவிடும். இல்லாவிட்டால் உடம்பில் 115 வோல்ட் வாக்கில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. எலக்ட்ரீஷியனை அழைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள், 230 பக்கம் காட்ட வேண்டும். பழைய வீடு என்றால் எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் 30 மில்லி ஆம்பியரில் ஒன்று போட்டுவிடுங்கள். அதுவரை மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டரை அந்தப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

கேள்வி (ஓசூர்): 'ஐ5 கேமிங் பிசி, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி' என்று 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். பில் வேண்டுமானால் 18 சதவீதம் கூட என்றார்கள், வேண்டாம் என்று விட்டேன். வந்து பார்த்தால் ஐ5 3470. விண்டோஸ் 11 ஏறவில்லை. கடையில் போனை எடுப்பதில்லை. நஷ்ட ஈடு கேட்கலாமா?

பதில்: எதை வைத்துக் கேட்பீர்கள்? 3470 என்பது 2012-இல் வந்த ப்ராசஸர். ஐ5 என்பதற்குப் பின்னால் என்ன எண் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 14,000 ரூபாய் கொடுக்கும் முன் இதைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

பில் தர மறுப்பது சட்டப்படி கடைக்காரரின் தவறு. ஆனால் 2,520 ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக பில் வேண்டாம் என்றது நீங்கள். பணத்தை ஜிபே போன்றவற்றில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும், வாட்ஸ்அப்பில் பேசியதும் கொஞ்சம் உதவும். 1915-இல் சொல்லிப் பாருங்கள். மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம். லினக்ஸ் மின்ட் போட்டால் பிள்ளைகளின் படிப்புக்கும் ஆபீஸ் வேலைக்கும் நன்றாகவே ஓடும்.

கேள்வி (விழுப்புரம்): கம்பெனிகள் கழித்த டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் மெஷின்கள் ரீஃபர்பிஷ்டு கடைகளில் கிடைக்கின்றன. நம்பலாமா?

பதில்: குறைந்த பட்ஜெட்டில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆபீஸில் ஏசி அறையில் இருந்தவை, போர்டும் எஸ்எம்பிஎஸ்-ஸும் தரமானவை. எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். கடையிலேயே ஆன் செய்து பயாஸ் செட்டிங்குக்குள் நுழையுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் மெஷினை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பாருங்கள். அரை மணி நேரமாவது ஓட விடுங்கள்.

பின்னால் மாடிஃபை செய்யும் எண்ணம் இருந்தால் ஒல்லி மாடல் வேண்டாம், டவர் வாங்குங்கள். ஒல்லியில் உயரம் குறைந்த கார்டுதான் நுழையும். எஸ்எம்பிஎஸ்-ஸின் அளவும் பின்னும் அந்தந்தக் கம்பெனிக்கே உரியவை, சாதாரண 24 பின் நேரடியாகப் பொருந்தாது. இது தெரியாமல் புது எஸ்எம்பிஎஸ் வாங்கி வந்து கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களின் கடிதங்கள் தனியாக ஒரு கட்டு இருக்கிறது.

கேள்வி (மதுரை): ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கார்டு செகண்ட் ஹேண்டில் மலிவாக இருக்கிறது. மைனிங்கில் ஓடியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஓடியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை இரவு பகலாக ஓட்டும் மைனிங் முறையைக் கைவிட்டதும் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தவை இவை. சிப் பிழைத்துவிடும், ஃபேன்தான் முதலில் போகும். நான் வாங்கியதில் அப்படித்தான் போனது. 2048எஸ்பி என்று போட்டிருந்தால் அது முழு 580 இல்லை. அசலில் 2304 கோர் உண்டு, இதில் 2048 மட்டும்தான், 570-இல் இருப்பதே அவ்வளவுதான். விலையையும் அதற்கேற்பப் பேசுங்கள்.

கேள்வி (திருச்சி): ரைசன் 5600ஜி. 16 ஜிபி ஒரே ரேமா, 8 ஜிபி இரண்டா?

பதில்: இரண்டு. இந்த ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமின் வேகத்தில்தான் ஓடும். ஒன்றை மட்டும் போட்டால் கேமில் நன்றாகவே அடி வாங்கும். ரேம் விலை 2025 கடைசியிலிருந்து ஏறிக் கிடப்பதால், வாரண்டி மிச்சம் இருக்கிற பழைய டிடிஆர்4 கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

கேள்வி (நாகர்கோவில்): மகளுக்காகக் கடையிலேயே அசெம்பிள் செய்து வாங்கினேன், பில் இருக்கிறது. பத்தே நாளில் நின்றுவிட்டது. திறந்து பார்த்துவிட்டு, 'சாக்கெட் பின் வளைந்திருக்கிறது, நீங்கள் கை வைத்திருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது' என்கிறார்கள். எனக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கவே தெரியாது ஐயா.

பதில்: ஐயா, உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அசெம்பிள் செய்தது அவர்கள். ப்ராசஸரைக் கழற்றாமல் சாக்கெட் பின்னில் யாரும் கை வைக்க முடியாது. கடைசியாகக் கழற்றியதும் அவர்கள்தான். பில் இருக்கிறது, இதுவே பெரிய பலம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் எழுதவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் 2019 சட்டத்தில் நியாயமற்ற வணிக முறைதான். பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருந்தாலும் பயப்படாதீர்கள்.

வாயால் பேசுவதை நிறுத்திவிட்டு எழுத்தில் கேளுங்கள். என்று வாங்கினேன், யார் அசெம்பிள் செய்தது, என்று நின்றது, என்ன வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம், ஸ்பீட் போஸ்டில். 15 நாள் கெடு கொடுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட ஆணையத்துக்குப் போங்கள். மெஷின் இப்போது கடையில் இருந்தால், போர்டின் சீரியல் நம்பரை எழுதி, பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். போர்டின் பெட்டியும், சாக்கெட்டை மூடியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியும் வீட்டில் இருக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள். அந்த மூடி இல்லாமல் போர்டு கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனால் வாங்க மாட்டேன் என்று சொல்ல இன்னொரு காரணம் கிடைத்துவிடும். மூடி கடையிலேயே தங்கிவிட்டது என்றால், அதையும் கடிதத்தில் ஒரு வரியாக எழுதுங்கள்.