நூலகத் திண்ணை: வாசகர் கேள்விகள்

(டெல்டா பகுதிச் சிற்றூர்களில் 31 ஆண்டுகள் நூலகராக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார், நூலகம் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

வீட்டு வரி ரசீதில் 'நூலக வரி' என்று தனியாக ஒரு தொகை போடுகிறார்கள். நான் நூலகத்துக்குள் போய் இருபது வருடம் ஆகிறது. நான் எதற்குக் கட்ட வேண்டும்?
வாசகர், திருத்துறைப்பூண்டி

இருபது வருடமாகக் கட்டிக்கொண்டே இருக்கிறீர்கள், ஒருநாளும் போய் அனுபவிக்கவில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்கு. 1,200 ரூபாய் வீட்டு வரி என்றால் அதற்கு மேல் 120 ரூபாய். 1948-ல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எதுவானாலும் வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்க வேண்டும். பேப்பர் பில், கரண்ட் பில், கட்டட வாடகை எல்லாவற்றுக்கும் அந்தக் காசுதான் கைகொடுக்கிறது. சில இடங்களில் வசூலித்த பணம் சேராமல் நிலுவை நிற்கும். நான் இருந்த ஓர் ஊரில் அப்படி நின்றபோது, மின்விசிறிக்குக் கண்டென்சர் மாற்றக்கூட என் கையிலிருந்துதான் போட்டேன். அடுத்த முறை வரி கட்டும்போது "நூலகப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே கொஞ்சம் வேகம் வரும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களும் வாடகைக்குள் இதைக் கட்டுகிறவர்கள்தான். பூக்கட்டும் ஓர் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "நான் வரி எதுவும் கட்டலையே, உள்ளே வரலாமா?" என்று கேட்டபடி நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் என்று யார் அவருக்குச் சொன்னார்களோ. வரி கட்டாதவர்களும் வரலாம்.

என் மகன் மூன்றாம் வகுப்பு. நூலகத்தில் அலமாரியைத் தொடவே விடுவதில்லை. "என்ன வேணும்னு சொல்லு, எடுத்துத் தரேன்" என்கிறார் நூலகர். கலைத்துவிடுவானாம்.
வாசகி, பெரம்பலூர்

அந்த நூலகர் மேல் கோபப்படாதீர்கள். கணக்கெடுப்பில் ஒரு புத்தகம் குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில்தான் நானும் முதல் இரண்டு வருடம் அப்படி இருந்தேன்.

ஆனால் உங்கள் மகன் பக்கம்தான் நியாயம். எட்டு வயதுப் பையனுக்குத் தனக்கு என்ன வேண்டும் என்பது நாலு புத்தகத்தை எடுத்துப் புரட்டிய பிறகுதானே தெரியும்? சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் முதலாவதே 'நூல்கள் பயன்படுத்துவதற்கே' என்பதுதான். கண்ணாடிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு அந்த விதியைச் சுவரில் மாட்டினால் ஆயிற்றா?

நான் செய்தது இதுதான். கீழ் இரண்டு தட்டுகளைப் பிள்ளைகளுக்கு விட்டேன். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை, காய்கறிக் கடையில் வைத்திருப்பார்களே, அது. "எதை வேண்டுமானாலும் எடு. ஆனால் திரும்ப அடுக்காதே, கூடையில் போடு." அலமாரி குழம்புவது பிள்ளைகள் எடுப்பதால் அல்ல, ஒழுங்காக இருக்க ஆசைப்பட்டு இடம் மாற்றி வைப்பதால். சாயங்காலம் கூடையைப் பார்த்தால் அன்றைக்கு எது படிக்கப்பட்டது என்று தெரிந்துவிடும். யானையைப் பற்றிய ஒரு மெல்லிய புத்தகம் தினமும் கூடையில் கிடக்கும். முதுகில் மூன்று முறை காடாத் துணி ஒட்டினேன், அப்புறமும் பிரிந்தது.

முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கவும் கற்றுக்கொடுக்கலாம். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்க ரங்கநாதன் வகுத்த கோலன் முறையில் அடுக்கிய நூலகம் என்றால், ஓ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவது இலக்கியம், ஜே விவசாயம், எல் மருத்துவம், வி வரலாறு. பிள்ளைகளுக்கு இது புதையல் வேட்டை மாதிரி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அவனோடு உட்கார்ந்திருங்கள். கூடை யோசனையை நூலகரிடம் சொல்லுங்கள். கூடையையும் நீங்களே வாங்கிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

எங்கள் கிளை நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே எல்லா நாற்காலியையும் பிடித்துவிடுகிறார்கள். படிப்பதும் சொந்தப் புத்தகம், நூலகப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. பேப்பர் படிக்கப் போகும் பென்ஷன்காரர்கள் நாங்கள் நின்றுகொண்டு படிக்கிறோம். இது நூலகமா, டியூஷன் சென்டரா?
வாசகர், பட்டுக்கோட்டை

ஐயா, இதே சண்டையை என் நூலகத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்தேன். நான் செய்த தப்பையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்களிடம் இருந்தது இரண்டு நீள மேசை, 24 நாற்காலி, ஒழுங்காக ஓடும் மின்விசிறி ஒன்று. குரூப் 4 அறிவிப்பு வந்தால் எட்டு மணிக்குக் கதவைத் திறக்கும் முன்னாலேயே பையோடு பத்துப் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள சமச்சீர் புத்தகங்கள், ஓரம் மடங்கியவை, பழைய புத்தகக் கடையில் வாங்கியவை. அதில் ஒரு பெண் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். வீடு ஒரே அறை, அதில் டிவி, அண்ணனின் கைக்குழந்தை. மதியம் பின்பக்கப் படிக்கட்டில் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடி வந்து உட்காருவாள். அவளுக்கு நூலகம் தந்தது புத்தகம் அல்ல; ஒரு நாற்காலி, ஒரு டியூப்லைட், யாரும் கூப்பிடாத எட்டு மணி நேரம். அதுவும் நூலகம் தர வேண்டியதுதான் என்று நான் நினைக்கிறேன். சொந்தப் புத்தகம் படிப்பதைக் குற்றமாகச் சொல்லாதீர்கள்.

பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். நான் சுலபமாக ஒரு வழி கண்டுபிடித்தேன்: நாளிதழ்களையெல்லாம் தாழ்வாரத்துக்கு மாற்றி ஒரு பெஞ்சு போட்டேன். ஐப்பசி மாதம், சாரல் அடிக்கும். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் தினமும் எட்டு ஐந்துக்கு வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வருவதை நிறுத்திவிட்டார். நாலு நாள் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்கே போனேன். உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார், கடைசியில்தான் சொன்னார்: "பேப்பர் டீக்கடையிலயும் இருக்கும்மா. நான் உள்ளே உட்கார்ந்து படிக்கத்தான் வந்துக்கிட்டிருந்தேன்."

மறுநாள் காலையே பேப்பர்களை உள்ளே கொண்டுவந்துவிட்டேன். அப்புறம் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசி முடிவு செய்தோம். எட்டிலிருந்து பத்து வரை வாசல் பக்க மேசை பேப்பர் படிப்பவர்களுக்கு. ஒவ்வொரு நாளிதழையும் தாள் தாளாகப் பிரித்துப் போட்டுவிடுவேன், ஒரு பேப்பரை ஒரே நேரத்தில் நாலைந்து பேர் படிக்கலாம். பையை வைத்து இடம் பிடிப்பது கிடையாது. இருபது நிமிடம் ஆள் இல்லை என்றால் நாற்காலி அடுத்தவருக்கு. பத்து மணிக்கு மேல் இரண்டு மேசையும் பிள்ளைகளுக்கு. வாசகர் வட்டத்தில் சொல்லி, பிளாஸ்டிக் நாற்காலி பத்து வாங்கினோம்.

நடப்பு நிகழ்வுகளுக்கு அந்தப் பிள்ளைகளுக்கும் பேப்பர் வேண்டுமே. தபால்காரர் பத்து மணிக்கு எழுந்திருக்கும்போது, தேர்வுக்கு ஆகும் என்று தனக்குத் தோன்றிய செய்தி மேலே தெரியும்படி தாளை மடித்து அந்தப் பெண் முன்னால் வைத்துவிட்டுப் போவார். பேசி நான் பார்த்ததில்லை.

உங்கள் ஊரில் உங்களைப் போல நாலு பேர் சேர்ந்து போய், காலையில் ஒரு மேசை, இரண்டு மணி நேரம் என்று கேளுங்கள். மனு எழுதுவது அப்புறம் இருக்கட்டும்.

நூலகப் புத்தகம் ஒன்றைத் தொலைத்துவிட்டேன். அபராதத்துக்குப் பயந்து ஆறு வருடமாக அந்தத் தெருவிலேயே போவதில்லை.
வாசகி, ராமநாதபுரம்

நாளைக்கே போங்கள். அதே புத்தகம் கடையில் கிடைத்தால் வாங்கிக் கொடுக்கலாமா, விலையைக் கட்ட வேண்டுமா என்று கேளுங்கள், சொல்வார்கள். பதிவேட்டில் அந்த வரி தீர்ந்தால் நூலகருக்கும் நிம்மதி. இப்படி எட்டு வருடம் கழித்து அழுதுகொண்டே வந்த ஒரு பெண்ணிடம், கணக்கை முடித்துவிட்டு அன்றைக்கே புதுப் புத்தகம் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

அப்பா காலமாகிவிட்டார். அவர் சேர்த்த முந்நூறு புத்தகங்களை ஊர் நூலகத்துக்குக் கொடுக்கலாமா?
வாசகர், கும்பகோணம்

கொடுக்கலாம். ஆனால் மூட்டையாகக் கட்டி வாசலில் இறக்காதீர்கள். முதலில் ஒரு நோட்டில் தலைப்பு, ஆசிரியர், வருடம் எழுதுங்கள். நூலகரிடம் காட்டி, எது தேவை என்று கேட்டபின் கொண்டுபோங்கள். பழைய கைடு, தேதி முடிந்த பஞ்சாங்கம், பாதி கிழிந்த வார இதழ் இவற்றையெல்லாம் வாங்கிவைத்தால் அலமாரிதான் அடைபடும்.

பூச்சி பாருங்கள். பக்கங்களில் ஊசி குத்தியது போல வரிசையாகத் துளை இருந்தால் அது ராமபாணப் பூச்சி. கறையான் மண் ஒட்டிய ஒரு புத்தகம் உள்ளே போனால் பக்கத்துத் தட்டும் போய்விடும். வெயிலில் காய வைக்காதீர்கள், பழைய தாள் மொறுமொறுவென்று ஆகிவிடும். நிழலில், காற்றாட, விரித்து நிறுத்தி வையுங்கள். அலமாரி மூலையில் வசம்புத் துண்டு போடுவது நம் பாட்டிமார் வழக்கம், நானும் போடுவேன்.

1950-க்கு முந்தைய பதிப்புகளோ, பழைய சிற்றிதழ்த் தொகுப்போ இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். கிளை நூலகத்தில் அவை இரவல் போய்த் தேய்ந்துவிடும். சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களைக் கேட்டுப் பாருங்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வீட்டில் சேர்த்து வைத்த தொகுப்பிலிருந்து 1994-ல் உருவான நூலகம் அது. உங்கள் அப்பாவைப் போன்ற ஒருவர்தான் அவரும்.

இன்னொன்று. கொடுக்கும் முன் ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். எனக்கு நன்கொடையாக வந்த ஒரு சமையல் புத்தகத்துக்குள் மளிகைக் கடைச் சீட்டு ஒன்று இருந்தது. முன்பக்கம் துவரம்பருப்பு, புளி, விரலி மஞ்சள். பின்பக்கம் பென்சிலில், ஒரு பெண் குழந்தை பிறந்த நாள், நேரம், நட்சத்திரம், எடை. எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அந்தக் குழந்தை அவர்தான். கையெழுத்து அவருடைய அப்பாவுடையது. தான் பிறந்த நேரம் யாருக்கும் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாராம்.

மாட்டு வண்டியில் நூலகம் நடத்தியது எங்கள் மன்னார்குடி பக்கத்தில்தான் என்று ஆசிரியர் சொன்னார். உண்மையா?
ஒன்பதாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி

உண்மைதான் கண்ணு. 1931-ல், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியில் அந்த வண்டி புறப்பட்டது. புத்தகங்களை அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் இரவல் கொடுத்தது. உழவு முடிந்து களைத்து வரும் மனிதர் நூலகத்தைத் தேடி வர முடியாது, நூலகம்தான் போக வேண்டும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். மேலவாசலில் வயதானவர்களைப் போய்க் கேள். அவர்கள் தாத்தா பாட்டி சொன்னது யாருக்காவது ஞாபகம் இருந்தால் நோட்டில் எழுதி எனக்கு அனுப்பு.

எங்கள் நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறது. மாதக் கூட்டத்துக்கு நாலு பேர்கூட வருவதில்லை. என்ன செய்யலாம்?
வாசகர், அருப்புக்கோட்டை

முதலில் பொன்னாடையை நிறுத்துங்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை முடிவதற்குள் புத்தகத்தைப் பற்றிப் பேச வந்தவருக்குப் பத்து நிமிடம் மிஞ்சாது. எங்கள் வட்டத்தில் ஒரே ஒரு சட்டம் வைத்தோம்: ஒருவர், ஒரு புத்தகம், பதினைந்து நிமிடம். படித்தவர் யாராக இருந்தாலும் பேசலாம். டெய்லர் ஒருவர் விவசாயப் புத்தகம் ஒன்றைப் பற்றிப் பேசிய அன்றைக்குத்தான் எங்களுக்கு முதல்முறை முப்பது பேர் வந்தார்கள். பாதிப் பேர் அவருடைய வாடிக்கையாளர்கள்.

நேரத்தைப் பாருங்கள். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி என்றால் பெண்கள் வர முடியாது, அடுப்படி நேரம். மூன்று மணிக்கு வைத்துப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்லி, அவர்களுக்கு வெளியே ஒருவர் கதை சொல்லட்டும். சுண்டலும் டீயும் கட்டாயம். செலவுக்குப் புரவலர் சேர்க்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 1,000 ரூபாய் கட்டிப் புரவலர் ஆகும் பணம் நூலகத்துக்குப் போவது, சுண்டலுக்கு அல்ல. அதற்குத் தனியாக ஆளுக்குப் பத்து ரூபாய் போடுங்கள்.

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். பேச்சுப் போட்டியை அந்த வாரம் எல்லோரும் நடத்துவார்கள். நீங்கள் பஸ் ஸ்டாண்டில் ஒரு மேசை போட்டு உறுப்பினர் படிவத்தை வைத்துக்கொண்டு காலை இரண்டு மணி நேரம் உட்காருங்கள். நாங்கள் அப்படி உட்கார்ந்த முதல் நாள் படிவம் வாங்கியவர்களில் மூன்று பேர் கண்டக்டர்கள்.