கிடங்கு மேற்பார்வையாளராக இருக்கும் நான் 43 வயதில் தரவுப் பகுப்பாய்வு படித்தால் பயன் உண்டா?

சிங்கப்பூரின் ஜூரோங்கில் கிடங்கு மேற்பார்வையாளராக இருக்கும் நீங்கள், தானியக்க இயந்திரங்கள் வந்தபின் வேலை நிலைக்குமா என்ற கவலையில், திறன் பயிற்சிக்காக அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கிலுள்ள 4,000 வெள்ளியைத் தரவுப் பகுப்பாய்வுப் படிப்புக்குச் செலவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தளவாடத் துறையில் ஆளெடுக்கும் நேர்காணல்களில் பலமுறை அமர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாகப் படிக்கலாம். ஆனால், எந்த வேலைக்காகப் படிக்கிறீர்கள் என்பதை முடிவு செய்த பிறகே பணம் கட்டுங்கள்.

மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைவாய்ப்புத் தளத்தில் இருப்புத் திட்டமிடுதல், கிடங்குச் செயல்பாட்டுப் பகுப்பாய்வு, தானியக்க முறை ஒருங்கிணைப்பு ஆகிய பணிகளுக்கான விளம்பரங்களைப் பொறுமையாகப் படித்து, எந்தத் திறன்கள் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். எக்செல்லும் கிடங்கு மேலாண்மை மென்பொருளும் அடிக்கடி கண்ணில் படும். தரவை வரைபடமாகக் காட்டும் பவர் பிஐ மென்பொருள், தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்க உதவும் எஸ்கியூஎல் மொழி போன்றவை சில பணிகளுக்கு மட்டுமே தேவைப்படும். அந்தக் குறிப்பைப் பயிற்சி நிலையத்தின் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டாலே, விலை உயர்ந்த சில படிப்புகள் உங்களுக்குத் தேவையில்லை என்பது தெரிந்துவிடும்.

உங்கள் அச்சம் வீணானது என்று சொல்லமாட்டேன். 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநரில்லா வாகனங்கள் கொள்கலன்களைக் கொண்டுசெல்கின்றன. 2040களில் முழுமை பெறும்போது அத்துறைமுகம் 20 அடி அளவிலான 65 மில்லியன் கொள்கலன்களை ஆண்டுதோறும் கையாளும் திறன் பெற்றிருக்கும். கிடங்குகளும் அதே திசையில்தான் நகர்கின்றன. எனினும், கணினி காட்டும் இருப்புக்கும் அலமாரியில் உள்ள இருப்புக்கும் ஏன் வேறுபாடு வருகிறது, எந்த ஷிஃப்டில் பிழை கூடுகிறது, எந்த வாடிக்கையாளரின் சரக்குக் குறியீடு எப்போதும் குழப்பம் தருகிறது என்பதெல்லாம் தளத்தில் நின்று பழகியவருக்குத்தான் தெரியும். புதிதாகப் பட்டம் பெற்று வரும் பகுப்பாய்வாளரிடம் இந்த அறிவு இருக்காது. உங்கள் பலத்தை இங்கிருந்துதான் கட்டவேண்டும்.

ஆகவே, படிப்பு தொடங்கும்போதே வேலையிடத்தில் ஒரே ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுங்கள். எடுத்துக்காட்டாக, தவறான பொருளை எடுத்து அனுப்பும் பிழைகளை நாள், ஷிஃப்ட், அலமாரி வரிசை வாரியாகப் பதிவு செய்து, வகுப்பில் கற்கும் முறையைக் கொண்டு காரணம் தேடுங்கள். நிறுவனத்தின் அனுமதி பெறுவதும் வாடிக்கையாளர் பெயர்களை நீக்கிவிடுவதும் முக்கியம். "இந்தப் பிழை இப்படிக் குறைந்தது" என்று விளக்கக்கூடிய விண்ணப்பதாரரைச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவரைவிட நான் கூடுதல் நேரம் கேட்டுக்கொண்டிருப்பேன். (வகுப்பில் கொடுக்கப்படும் மாதிரித் தரவைக் கொண்டு எல்லாரும் ஒரே மாதிரியான வரைபடத்தைக் காட்டும்போது, உண்மையில், யாரையும் பிரித்தறிய முடிவதில்லை.)

பண விவரம் பற்றிச் சுருக்கமாக: 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் கிடைத்த அந்த 4,000 வெள்ளிக்குக் காலாவதித் தேதி கிடையாது, வேலைவாய்ப்போடு நெருங்கிய தொடர்புள்ள குறிப்பிட்ட படிப்புகளுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த முடியும். உங்கள் வயதுப் பிரிவினருக்குப் பல படிப்புகளில் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கழிவும் உண்டு. பணம் காலாவதியாகாது என்பதால், யாராவது அவசரப்படுத்தினால் அசரவேண்டாம். வேலையை விட்டு முழுநேரம் படிக்க நினைத்தால், தகுதிபெறும் படிப்புகளுக்குச் சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி உச்சவரம்போடு, மொத்தம் 24 மாதங்கள் வரை பயிற்சிப்படியாகக் கிடைக்கும். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் இருக்கும் குடும்பத்துக்கு அது போதுமா என்று வீட்டாருடன் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஷிஃப்ட் வேலை செய்பவருக்கு மாலை வகுப்பு எளிதல்ல. அரசாங்கக் கட்டணக் கழிவு பெறும் பல பயிற்சிகளில் குறைந்தது 75 விழுக்காடு வருகை கட்டாயம் என்பதால், பதிவுக்கு முன்பே மேலாளரிடம் பேசி அந்த வாரங்களுக்கு நிலையான ஷிஃப்ட் கேளுங்கள். அதே பேச்சிலேயே, வேலைவாய்ப்புக்கான அரசாங்க அமைப்பான ஊழியரணி சிங்கப்பூரின் தொழில் மாற்றத் திட்டங்களில் நிறுவனத்துக்கு ஆர்வம் உண்டா என்றும் விசாரிக்கலாம். புதிய பணிக்கு ஒருவரைப் பயிற்றுவிக்கும் காலத்தில் முதலாளிக்குச் சம்பள ஆதரவு கிடைப்பதால், உங்கள் கோரிக்கையை மனிதவளப் பிரிவு காதுகொடுத்துக் கேட்க அது ஒரு காரணமாக அமையும்.