காளையின் விந்துத் தரம்: கால்நடை மருத்துவரிடம் கேட்டவை

கேள்வி: டாக்டர், எங்கள் ஜெர்சி கலப்புக் காளை நல்ல தெம்பாகத்தான் இருக்கிறது. ஆனியில் சேர்த்த மாடுகளில் ஒன்றுகூடச் சினை நிற்கவில்லை. ஏன்?

பதில்: சித்திரை வெயில்தான் காரணமாக இருக்கும். காளையின் விதைகள் உடல் சூட்டைவிட 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருக்க வேண்டும். சூடு ஏறினால் அங்கே எதோடும் எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகிவிடும். விந்தணுவின் மேலுறையில் எளிதில் கெடும் கொழுப்பு அதிகம். பழைய கடலை எண்ணெயில் சிக்கு வாடை அடிப்பது போல அது கெடும். நீந்தும் வேகம் குறையும், உள்ளே மரபுப்பொருளும் சிதையும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 61 நாள், முதிர்ந்து வெளிவர இன்னும் ஒன்றரை வாரம். அதனால் சித்திரையில் பட்ட அடி ஆனியில்தான் தெரிகிறது. காளையை விற்றுவிடாதீர்கள். நிழலில் கட்டி, இரண்டரை மாதம் கழித்து விந்தைப் பரிசோதியுங்கள்.

கேள்வி: காங்கேயம் காளைக்கும் இப்படி ஆகுமா?

பதில்: ஆகலாம், ஆனால் குறைவு. நாட்டினம் வெயிலைத் தாங்கும்.

கேள்வி: கடையில் செலினியம், வைட்டமின் ஈ டானிக் தருகிறார்கள். இரண்டு மடங்காகக் கொடுக்கலாமா சார்?

பதில்: தயவுசெய்து வேண்டாம். செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகல். மேலும், டானிக் அடக்கும் அந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளும் கொஞ்சம் இருந்தால்தான் விந்தணு முட்டையைத் துளைக்கத் தயாராகும். அடியோடு ஒழிக்கவும் கூடாது. வெறும் வைக்கோல் தின்னும் காளைக்குத்தான் வைட்டமின் ஈ குறையும். வேலிமசால், அகத்தி, சோளத்தட்டு என்று பச்சையாகப் போடுங்கள், அளவான தாது உப்புக் கலவையும் சேருங்கள். வேறு குறை இல்லாத காளைக்கு அதுவே போதும்.

கேள்வி: சினை ஊசி போட்டும் நிற்கவில்லையே, குச்சியில் கோளாறா அண்ணா?

பதில்: இருக்கலாம். விந்தை மெல்லிய குழாயில் அடைத்து உறையவைத்ததுதான் குச்சி; அப்படி உறையவைத்து இளக்கும்போதே கணிசமான விந்தணுக்கள் சாகும். செத்த காளை விந்தணு, அந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளில் ஒன்றான ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கி, உயிரோடிருப்பதையும் கெடுக்கும். காளை விந்தணு ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும் என்பதை டோசிக், வால்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1940களிலேயே காட்டிவிட்டார்கள். அதனால் ஊசி போடுபவரின் கையைக் கவனியுங்கள். குச்சியைத் தேடும்போது குச்சிகள் உள்ள கூடையை, அவற்றை உறைநிலையில் வைத்திருக்கும் திரவ நைட்ரஜன் ஜாடியின் கழுத்துக்கு மேலே தூக்கக் கூடாது. எடுத்த குச்சி 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் இருக்க வேண்டும், அப்புறம் ஈரம் போகத் துடைக்க வேண்டும். சட்டைப்பையில் வைத்தோ கையில் தேய்த்தோ இளக்கினால், வேறு குச்சி கேளுங்கள்.