பிரான்சில் கார் தொல்லையே இல்லாமல் கிராவல் சைக்கிள் ஓட்ட எங்கே போகலாம்?

கிராவல் டயர், அதாவது மண், சரளைப் பாதையில் ஓட்டத் தோதான அகல டயர் போட்ட சைக்கிள் இருக்கிறது, நாலைந்து நாள் லீவு இருக்கிறது, லாரி உரசிக்கொண்டு போகிற ரோடு மட்டும் வேண்டாம், அமைதியான கிராமப்புறமாக இருந்தால் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது பிரான்சின் வடமேற்கு மூலையான பிரிட்டனியில் இருக்கும் நாந்த்–ப்ரெஸ்ட் கால்வாய்க் கரையைத்தான். இரண்டு தடவை ஓட்டியிருக்கிறேன், முதல் தடவை தப்பான திசையில். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

யாரைக் கேட்டாலும் முதலில் தெற்கு பிரான்சில் இருக்கும் கனால் து மிதி கால்வாய் என்பார்கள். அழகுதான், 17ஆம் நூற்றாண்டில் வெட்டியது, யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஆனால் துலூஸிலிருந்து முதல் 50 கிலோமீட்டர் தார் போட்ட பாதை, அதற்கப்புறம் பல இடங்களில் மரவேர் துருத்திக்கொண்டிருக்கும் ஒற்றையடித் தடம். இரண்டுக்கும் நடுவாந்தரமான சரளைப் பாதை அங்கே குறைவு. கிழக்கே பர்கண்டி பகுதியில் ஜிவ்ரியிலிருந்து க்ளுனி வரை போகும் பழைய ரயில் தடம்தான் பிரான்சின் முதல் 'வுவா வெர்த்', 1997இல் திறந்தது, அதுவும் தார்தான். வுவா வெர்த் என்றால் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லாத பசுமைப் பாதை. அந்தப் பெயர்ப்பலகை கண்ணில் பட்டால் நிம்மதியாகப் போகலாம்.

நாந்த்–ப்ரெஸ்ட் கால்வாய்க்கு வருவோம். நெப்போலியன் காலத்தில் ஆங்கிலேயக் கப்பல்கள் ப்ரெஸ்ட் துறைமுகத்தை வளைத்துக்கொண்டு கடல் வழியாகச் சரக்கு போகவிடாமல் அடித்ததால், நாட்டுக்கு உள்ளேயே ஒரு நீர்வழி வேண்டும் என்று 1811இல் தொடங்கிய வேலை. 1858இல் மூன்றாம் நெப்போலியன் வந்து திறப்பு விழா நடத்தியபோது அந்தச் சண்டை முடிந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அடுத்த ஏழே வருடத்தில், 1865இல், ரயிலும் ப்ரெஸ்டுக்கு வந்து சேர்ந்தது. பாவம். ஆனால் நமக்கு லாபம், ஏனென்றால் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு குதிரைகளும் ஆட்களும் நடந்த கரைப்பாதை சுமார் 360 கிலோமீட்டர் கால்வாயின் பெரும்பகுதிக்கு அப்படியே இருக்கிறது. தண்ணீரை ஒட்டியே போகிற பாதை, அதனால் நமக்கும் ஏற்றம் இல்லை.

நாந்த் ஊருக்குள்ளிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதல் இருபது சொச்சம் கிலோமீட்டருக்குக் கால்வாய் என்பதே எர்த்ர் ஆறுதான், கரைப்பாதை தொடர்ச்சியாகக் கிடையாது, சின்ன ரோடுகளில் சுற்ற வேண்டும். நாந்த் ஸ்டேஷனில் டிராம்-ட்ரெய்ன் ஏறி நோர்-சுர்-எர்த்ரில் இறங்கிவிட்டால் கொஞ்ச தூரத்தில் பாதை பிடித்துவிடலாம். அங்கிருந்து ப்ளான், ரெதோன், மலெஸ்த்ருவா, ஜோஸ்லான், போந்திவி என்று ஊர்கள் வரிசையாக வரும். ஜோஸ்லானில் ஊஸ்த் ஆற்றை ஒட்டி மூன்று வட்டக் கோபுரங்களோடு கோட்டை நிற்கும், கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார நல்ல இடம்.

இந்தப் பாதையில் எனக்குப் பிடித்தது மதகுகள். படகை ஒரு தண்ணீர் மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள், பக்கத்திலேயே மதகுக்காரருக்கு ஒரு கல் வீடு, வாசலில் நீலமும் இளஞ்சிவப்புமாக ஹைட்ராஞ்சியா. மலெஸ்த்ருவா தாண்டி ஒரு மதகில் இருபது வயதுகூட இருக்காத ஒரு பெண், கோடை விடுமுறை வேலைக்கு வந்தவளாம், இரும்புக் கைப்பிடியைச் சுற்றோ சுற்று என்று சுற்றிக்கொண்டிருந்தாள்; ஒரு பக்கம் முடிந்ததும் மூடிய கதவின் மேல் இருக்கும் குறுகலான பலகையில் ஓடி அடுத்த கரைக்குப் போய் அங்கேயும் அதே சுற்று. தண்ணீர் உள்ளே குபுகுபுவென்று வர, படகிலிருந்த பெரியவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே எங்கள் உயரத்துக்கு ஏறி வந்தார். முதலில் தொப்பி தெரிந்தது, அப்புறம் மூக்குக்கண்ணாடி, அப்புறம் கையில் காபிக் கோப்பை. பத்து நிமிடம் போனதே தெரியவில்லை.

ஜோஸ்லானைத் தாண்டி வரும் ரோஅனுக்கும் போந்திவிக்கும் நடுவே 24 கிலோமீட்டருக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட மதகுகள். படிக்கட்டு மாதிரி அடுத்தடுத்து வரும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பாதை சின்னதாக எம்பி இறங்கும், மேலே காடு கவிந்திருக்கும். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இந்தத் துண்டை மட்டும் ஓட்டுங்கள்.

போந்திவிக்கு மேற்கே கதை மாறுகிறது. கெர்லெதானில் 1930இல் முடித்த அணை கால்வாயை இரண்டாக வெட்டிவிட்டது, 17 மதகுகள் ஏரிக்குள் மூழ்கிவிட்டன. 2015இல் ஏரியை வடித்தபோது அந்த மதகுகளும் வீடுகளும் சேற்றோடு வெளியே வந்தன. இங்கே மட்டும் தண்ணீரை விட்டு விலகிப் பழைய ரயில் தடத்தில் போவீர்கள், உண்மையான ஏற்றமும் கொஞ்சம் உண்டு. அதற்கும் மேற்கே க்ளோமெலில் குன்றையே பிளந்து கால்வாயைக் கொண்டுபோயிருக்கிறார்கள்: சுமார் 3 கிலோமீட்டர் நீளம், 20 மீட்டருக்கு மேல் ஆழம், 1823இலிருந்து 1832 வரை கைதிகளை வைத்து வெட்டியது. நான் போனது நல்ல வெயில் நாளில், அப்போதும் அதற்குள் இருட்டாகவும் ஈரமாகவும்தான் இருந்தது. வேகமாக மிதித்து வெளியே வந்துவிட்டேன்.

சமதளம்தானே, சுலபம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஏற்றம் இல்லையென்றால் இறக்கமும் இல்லை. மிதிக்காமல் உருண்டுபோகக் கிடைக்கும் இரண்டு நிமிட ஓய்வு நாள் முழுக்கக் கிடைக்காது. மலைப்பாதையில் 90 கிலோமீட்டர் ஓட்டி வலிக்காத இடமெல்லாம் இங்கே 60இல் வலித்தது. சீட்டை விட்டு அவ்வப்போது எழுந்து நில்லுங்கள். சில நீட்டங்கள் சலிக்கும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ப்ளான் பக்கம் ஒரு மதியம் முழுக்க ஒரே நேர்கோடு, ஒரே பச்சைத் தண்ணீர், ஒரே நாரை முன்னால் பறந்து உட்கார்ந்து மறுபடி பறந்துகொண்டிருந்தது.

பாதை நன்றாக இறுகிய நொறுங்கல் மணல். 35 மில்லிமீட்டர் டயர் தாராளம், அதற்காகப் புது சைக்கிள் எல்லாம் வாங்க வேண்டாம், நான் ஓட்டியது பழைய ஸ்டீல் வண்டி. மழை பெய்தால்தான் தொல்லை. மாவு மாதிரி குழைந்து செயினில் ஏறும், பிரேக் கட்டையை அரைத்துத் தள்ளிவிடும். சாயங்காலம் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு எண்ணெய் போடாமல் படுத்தால் மறுநாள் காலையில் செயின் புலம்பும். குளிர்காலத்தில் ஊஸ்த் ஆறு கரை தாண்டி ரெதோன் பக்கம் பாதை தண்ணீருக்கடியில் போவதுண்டு. மே முதல் செப்டம்பர் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு ஒரு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பேக்கரி மூடல், இருந்த ஒரே உணவகமும் வாராந்திர விடுமுறை. பையில் கிடந்த காய்ந்த ரொட்டியும் ஒரு மத்தி மீன் டின்னும்தான் அன்றைய விருந்து. ஞாயிறு மதியத்துக்கு மேலும் திங்கட்கிழமையும் இரண்டு வேளைச் சாப்பாட்டைக் கையோடு வைத்திருங்கள். தண்ணீர் தீர்ந்தால் ஊர் இடுகாட்டுக்குள் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் குழாய் இருக்கும். குடிக்கக்கூடாது என்று பலகை போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடை திறந்திருக்கிற நாளில் கலெத் என்ற மெல்லிய அப்பத்தைச் சாப்பிடாமல் வராதீர்கள். பக்வீட் மாவை வட்டக் கல்லில் ஊற்றி மரக்கட்டையால் தேய்க்கிற தேய்ப்பைப் பார்த்தால் நம் தோசை மாஸ்டருக்குச் சொந்தக்காரர் போலவே இருக்கும். மாமிசம் வேண்டாம் என்றால் முட்டையும் காளானும் போடச் சொல்லுங்கள்.

வட்டார ரயிலான தெஎர்ரில் இடமிருந்தால் பெரும்பாலும் சைக்கிளை அப்படியே ஏற்றலாம், கிளம்புமுன் அந்தத் தடத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்; அதிவேக ரயிலான தெஜெவெ என்றால் சைக்கிளுக்குத் தனியாக முன்பதிவு வேண்டும், கோடையில் அந்த இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அப்புறம் அந்தத் திசை விஷயம். நான் முதல் தடவை எல்லாரையும் போல நாந்த் பக்கமிருந்து மேற்கே கிளம்பினேன். இந்தப் பகுதியில் காற்று பெரும்பாலும் அட்லாண்டிக்கிலிருந்து, அதாவது மேற்கிலிருந்து அடிக்கும். மரமில்லாத நேர்கோட்டுக் கரையில் மூன்று நாள் அது முகத்திலேயே அறைந்தது. இரண்டாம் தடவை கால்வாயின் மேற்கு முனைப் பக்கம் இருக்கும் ஷாத்தோலானுக்கு ரயிலில் போய் இறங்கி அங்கிருந்து கிழக்கே வந்தேன். போன தடவை ஒரு முழு நாள் தின்ற தூரத்தை இந்தத் தடவை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டேன்.