வீட்டிலேயே பழைய மஸல் கார் ஒன்றைச் சீரமைக்க ஆசை, எதிலிருந்து தொடங்குவது?

கேட்டவரின் நிலை இது: 1960களின் பிற்பகுதியில் வந்த அமெரிக்க மஸல் கார் (பெரிய இன்ஜின் பொருத்திய வேகக் கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பல ஆண்டுகளாக ஓடாமல் நின்ற வண்டி. வீட்டு ஷெட்டிலேயே வைத்துச் சீரமைக்க வேண்டும். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், வெல்டிங் தெரியாது. முதல் வேலையாக இன்ஜினை இறக்கிவிடலாமா என்று கேட்கிறார்.

இறக்காதீர்கள். இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் இன்ஜினைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். அந்தக் காலத்து வி8 இன்ஜின் (எட்டு சிலிண்டர்கள் V வடிவில் அமைந்தது) எளிமையான இயந்திரம்: வார்ப்பிரும்பு பிளாக், ஒரு கேம் ஷாஃப்ட், ஒரு கார்புரேட்டர், பிளக்குகளுக்கு மின்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். செவ்ரோலேயின் சிறிய வி8 1955இல் வந்து பல பத்தாண்டுகள் தயாரிப்பில் இருந்தது. அதற்கு இன்றும் கிடைக்காத உதிரிபாகம் அரிது. சிலிண்டர் தேய்ந்திருந்தால் போரிங் செய்து பெரிய பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம். பணத்தையும் பொறுமையையும் கரைப்பது துருப்பிடித்த தகடுதான். இன்ஜின் இறுகிப்போய், உடல் திடமாக இருக்கும் காரையும், இன்ஜின் உறுமிக்கொண்டு தரை உளுத்துப்போன காரையும் ஒரே விலைக்குக் கொடுத்தால், நான் தயங்காமல் முதல் காரை எடுப்பேன்.

காரணம் அமைப்பில் இருக்கிறது. ஃபோர்டு மஸ்டாங், டாட்ஜ் சார்ஜர், டாட்ஜ் சேலஞ்சர் போன்றவற்றுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத்தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற விளிம்பும்தான் அவற்றின் எலும்புக்கூடு. செவ்ரோலே கமாரோவில் முன்பக்கத்துக்கு மட்டும் தனிச் சட்டம் உண்டு. செவ்ரோலே செவல், பான்டியாக் ஜிடிஓ இரண்டும் முழுச் சேஸிஸ் மீது உட்கார்ந்தவை என்பதால் அவற்றின் தரையை மாற்றுவது அவ்வளவு பயமுறுத்தாது. ஆனால் பின்சக்கரத்துக்கு மேலே வளைந்து போகும் இடத்தில் அந்தச் சேஸிஸையும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும்.

வெளியே பளபளக்கும் பெயின்ட்டைப் பார்க்காமல் தண்ணீர் தேங்கும் இடங்களைப் பாருங்கள். என்னிடம் இருப்பது 1967 மஸ்டாங், 289 கன அங்குல வி8. 1965 முதல் 1968 வரை வந்த மஸ்டாங்குகளில் முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே இருக்கும் காற்றுத்துளைப் பெட்டிதான் பெரிய வில்லன். இலையும் மண்ணும் உள்ளே விழுந்து, ஈரம் தங்கி, வெளியிலிருந்து தெரியாமலே உள்தகடு அரித்துவிடும். வாங்கப் போனபோது அந்தத் துளைகளில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினோம். நண்பர் டார்ச்சுடன் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டார். தண்ணீர் அவர் சட்டையில் சொட்டியது, விலை இறங்கியது. அதைச் சரிசெய்ய ஏராளமான ஸ்பாட் வெல்டுகளைத் துளையிட்டு எடுத்து மேல்தகட்டைக் கழற்ற வேண்டும், இவ்வளவு சலிப்பான வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் தெரிந்தே வாங்கியதால் கோபம் வரவில்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் (கமாரோ, செவல், ஜிடிஓ) பின்கண்ணாடியின் கீழ் மூலைகளைப் பாருங்கள், கூரையில் வினைல் ஒட்டியிருந்தால் கட்டாயம் பாருங்கள். அங்கே ஓட்டை விழுந்தால் தண்ணீர் டிக்கித் தரைக்கு இறங்கும். பின்சக்கர வளைவைச் சுற்றியுள்ள பக்கத்தகட்டில் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை மெதுவாக ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி தடவியிருக்கிறார்கள். பட்டியே பாவம் என்று சொல்லமாட்டேன், மெல்லிய பூச்சு எல்லா டிங்கரிங் வேலையிலும் உண்டு. விரல் பருமனுக்கு இருந்தால்தான் கவலை.

அடுத்தது காரின் அடையாளம். 17 எழுத்து அடையாள எண் 1981 மாடலிலிருந்துதான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் குறுகிய எண்ணைப் பொறித்தது. 1967 மஸ்டாங்கில் முதல் எண் ஆண்டு, அடுத்த எழுத்து தொழிற்சாலை, அதற்கடுத்த இரண்டு எண்கள் உடல் வகை, ஐந்தாவது எழுத்து இன்ஜின். அந்த இடத்தில் 'T' இருந்தால் அது ஆறு சிலிண்டராகப் பிறந்த கார். அதில் பின்னாளில் யாரோ வி8ஐப் பொருத்தியிருந்தால் சக்கரத்தைப் பாருங்கள்: ஆறு சிலிண்டர் காருக்கு நான்கு நட்டு, வி8 காருக்கு ஐந்து. நான்கு நட்டோடு வி8 நின்றால், பிரேக்கும் பின் ஆக்ஸிலும் இன்னும் சிறிய இன்ஜினுக்கானவை என்று பொருள். செவலில் ஏமாறுவது இன்னும் சுலபம். 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் 396 (செவலின் வேக வகை, 396 கன அங்குல இன்ஜின்) கார்களின் எண் 138 என்று தொடங்கும். 1969இலிருந்து எஸ்எஸ் வெறும் கூடுதல் தொகுப்பாகிவிட்டதால் எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது. தொழிற்சாலையின் பழைய தாள் இருந்தால்தான் உறுதி. தாள் இல்லாத காருக்குச் சாதாரண செவலின் விலையைக் கொடுங்கள்.

உதிரிபாகம் பற்றிச் சுருக்கமாக: முதல் மஸ்டாங் தலைமுறைக்கும் 1967 முதல் 1969 வரையிலான கமாரோவுக்கும் முழு உடலே புதிதாக அடித்துத் தருகிறார்கள். ஏஎம்சி, மெர்க்குரி போன்ற பிராண்டு கார்களின் குரோம் பட்டைகளுக்கும் விளக்குச் சட்டங்களுக்கும் அலைய வேண்டியிருக்கும். முதல் கார் என்றால் பிரபலமானதையே வாங்குங்கள், தனித்துவ ஆசையை இரண்டாவது காருக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கார் ஷெட்டுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் பிரித்துப் போடும் ஆசையை அடக்குங்கள். பிரிப்பது வேகமான வேலை, பெருமையாகவும் இருக்கும். மூன்றாம் மாதம் எந்த போல்ட் எங்கே போனது என்று தெரியாது. விற்பனைக்கு வரும் பாதிக் கார்களின் விளம்பரத்தில் 'எல்லா பாகங்களும் பெட்டிகளில் பத்திரம்' என்று இருப்பது இதனால்தான். நான் சொல்லும் வழி, ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் கழற்றி முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவது. கார் எப்போதும் உருளும் நிலையில் இருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் படம், கழற்றியதும் பெயர் எழுதிய பை. ஒரே பையில் இரண்டு பகுதிகளின் நட்டுகளைக் கலக்காதீர்கள்.

முதலில் கழற்ற வேண்டியது பிரேக். 1966 வரை வந்த இந்த வகைக் கார்கள் பெரும்பாலானவற்றில் மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்ததும் பிரேக் திரவத்தை அழுத்தித் தள்ளும் உருளை) ஒரே அறைதான்: ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் நிற்காது. 1967இலிருந்து வந்த இரட்டை அறை வகையை அவற்றில் பொருத்திவிடுங்கள். அசல்தன்மை கெட்டுவிட்டது என்று யாராவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், பார்க்காமலே மாற்றுங்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியைக் கிளப்பக் கூடாது. ஈரமாக்கித் துடைத்து எடுங்கள். சிலிகான் வகையான டாட் 5 பிரேக் திரவத்தைப் பழைய டாட் 3உடன் கலக்கவே கூடாது.

பிறகுதான் இன்ஜின், அதுவும் காரில் இருந்தபடியே. சாவியைத் திருப்பிப் பார்க்கும் சபலம் வரும், வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். கிராங்கின் முன் போல்ட்டில் நீளக் கைப்பிடி மாட்டிக் கையால் சுற்றுங்கள். முரண்டு பிடித்தால் இன்னும் ஊறவிடுங்கள். சுற்றினால் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டிரில்லால் எண்ணெய் பம்ப்பைச் சுற்றுங்கள். செவ்ரோலேயின் சிறிய வி8இல் வலஞ்சுழியாக, ஃபோர்டு 289இல் இடஞ்சுழியாக. ராக்கர்களில் (இன்ஜினின் மேலே வால்வுகளை அழுத்தும் நெம்புகோல்கள்) எண்ணெய் எட்டிப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யலாம். பழைய டாங்கில் இருக்கும் பெட்ரோல் வார்னிஷ் ஆகியிருக்கும். புதிய பெட்ரோலை ஒரு சிறு கேனிலிருந்து கொடுங்கள். அக்காலப் பல வி8களில் கேம் பல்சக்கரத்துக்கு நைலான் பல் இருந்தது. அது வெடித்துத் துண்டுகள் எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்து பம்ப்பின் வலையை அடைக்கும் என்பதால், ஓடும் இன்ஜினாக இருந்தாலும் டைமிங் செயினை ஒரு முறை திறந்து பாருங்கள்.

வெல்டிங்கைக் கற்றுக்கொள்ளலாம், கம்பி தானாக வந்து உருகும் மிக் வெல்டிங் எட்டாத வித்தை இல்லை. கழித்துப் போட்ட கதவு ஒன்றில் பழகுங்கள். மெல்லிய தகட்டில் நீளக்கோடு இழுத்தால் சூட்டில் நெளியும். அங்கங்கே புள்ளி வைத்து, ஆறவிட்டு, இடைவெளிகளை நிரப்ப வேண்டும். தனிச் சேஸிஸ் இல்லாத காரின் தரையை வெட்டுவதற்கு முன், கதவு வாய்க்குக் குறுக்கே கம்பி வைத்துப் பற்றவையுங்கள். இல்லாவிட்டால் உடல் தொய்ந்து கதவு பிறகு மூடாது. பெட்ரோல் டாங்கைக் கழற்றி ஷெட்டுக்கு வெளியே வைத்த பிறகே வெல்டிங். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த தகட்டின் மீது வெல்டிங் வேண்டவே வேண்டாம், ஆர்க்கின் சூட்டில் அது ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறும்.

பெயின்ட்டை வெளியே கொடுத்துவிடுங்கள். இப்போதைய இரட்டைக் கலவைப் பெயின்ட்டுகளில் ஐசோசயனேட் இருக்கிறது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி இல்லாமல் அதை அடிப்பது நுரையீரலோடு விளையாடுவது.

கருவிகளில் ஜாக்கைவிட ஸ்டாண்டுகளுக்கு அதிகம் செலவிடுங்கள், ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்பேனர் செட் அங்குல அளவில் இருக்க வேண்டும், அந்தக் காலத்து அமெரிக்க போல்ட்டுகள் அங்குலக் கணக்கில் வந்தவை. 13 மி.மீ. ஸ்பேனர் அரை அங்குலத் தலையில் பொருந்துவதுபோலத்தான் தெரியும். அரை அங்குலம் 12.7 மி.மீ.; துருவேறிய போல்ட்டில் அந்த 0.3 மி.மீ. இடைவெளியே போதும், தலை வழுக்கி உருண்டையாகிவிடும்.