முன்பணம் கட்டும் முன் மெயின் போர்டைத் திறந்து பாருங்கள்

கேள்வி: டெல்டா மாவட்டம் ஒன்றில் இருக்கும் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கப் பொருளாளர் நான். பள்ளிக்காக 7 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். 4 ஸ்மார்ட் பேனல் (வகுப்பறைத் தொடுதிரை), 16 கேமரா, மூன்று வருடத்துக்குப் பாட வீடியோ எல்லாம் சேர்த்து 6 லட்சத்து 80 ஆயிரத்துக்குத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பாதிப் பணம் கட்டினால் 15 சதவீதம் தள்ளுபடியாம். கட்டடம் 40 வருடப் பழையது. உறுதிச் சான்று இருக்கிறது. வாங்கலாமா? வகுப்புக்குள் கேமரா வைக்கலாமா?

பதில்: வெள்ளிக்கிழமை பணம் கட்டாதீர்கள். இன்று கிடைக்கும் தள்ளுபடி அடுத்த மாதமும் கிடைக்கும். பள்ளிகளைச் சுற்றி வரும் தரகர்கள் எல்லோரும் தேதி குறித்துத்தான் பேசுவார்கள். மற்ற ஆளிடம் நீங்கள் விலை விசாரித்துவிடக் கூடாது என்பதுதான் அந்தத் தேதியின் வேலை.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது பேனலும் இல்லை, கேமராவும் இல்லை. 'உறுதிச் சான்று இருக்கிறது' என்ற வரி. சான்று இருந்தால் கட்டடம் உறுதி என்று நம்பிவிடுகிறோம். பெரும்பாலும் அந்தத் தாள் வகுப்பறைக் கட்டடத்தோடு நின்றுவிடுகிறது. கழிப்பறைச் சுவர், கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் கொட்டகை எதையும் யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் மூன்று மாணவர்களைக் கொன்றது கழிப்பறைச் சுவர். அதன் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்ய உத்தரவு வந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் போன பிறகுதான் கீற்றுக் கூரைகள் இறங்கின. ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் செத்த பிறகுதான் நம் நிர்வாகம் கோப்பைத் திறக்கிறது. சான்றைப் புதுப்பிக்கும்போதும் தாள் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள், சுவரைப் பார்ப்பதில்லை. 'சான்று நாங்களே வாங்கித் தருகிறோம்' என்று சொல்லும் ஆட்கள் பிழைப்பதும் இதனால்தான். அவர்களைப் பள்ளி வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆகவே முதல் செலவு ஒரு கட்டடப் பொறியாளர். அவரோடு நீங்களும் நடந்து போங்கள். எந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறது, மாடியிலிருந்து இறங்க இரண்டு வழி உண்டா, பின் கேட்டின் சாவி பள்ளி நேரத்தில் யாரிடம் இருக்கிறது, சமையலறை சிலிண்டர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிள்ளைகளின் பாதுகாப்பு என்றால் எனக்கு முதலில் இதுதான். கேமரா நடந்ததைப் பதிவு செய்யும், விழுகிற சுவரைத் தாங்காது.

இரண்டாவது வயரிங். 75 அங்குலப் பேனல் ஏறக்குறைய 300 வாட் இழுக்கும். நான்குக்கும் சேர்த்து ஒரு இஸ்திரிப் பெட்டி அளவுதான். லோடு பிரச்சினை இல்லை, எர்த்துதான் பிரச்சினை. பழைய வகுப்பறைகளில் மூன்று துளை பிளக் இருக்கும், ஆனால் மேல் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எர்த் இல்லாத பேனலின் உலோகச் சட்டத்தைப் பிள்ளைகள் நாள் முழுக்கத் தொடுவார்கள். மெயின் போர்டைத் திறந்து, மின் கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். டப்பென்று சுவிட்ச் கீழே விழ வேண்டும். விழாவிட்டாலோ, ஆர்.சி.சி.பி.யே இல்லாவிட்டாலோ புதிது மாட்டுங்கள். அந்த பட்டன் எர்த்தைச் சோதிக்காது, அதனால் எர்த்தைத் தனியாகச் சோதித்து, இல்லாவிட்டால் புதிய எர்த் குழி தோண்டிய பிறகுதான் பேனல் பேச்சு.

சரி, கேமராவுக்கு வருவோம். வகுப்புக்குள் வேண்டாம். கேட், வராந்தா, படிக்கட்டு, கணினி அறை போதும். கழிப்பறை வாசலை நோக்கி ஒன்றுகூட இருக்கக் கூடாது. உங்கள் பள்ளிக்கு 6 அல்லது 8 கேமரா தாராளம். 16 என்று எழுதுவது பில்லை ஏற்றத்தான். ஒரு கணக்குச் சொல்கிறேன். சாதாரணத் தரத்தில் இரவு பகலாக ஓடும் ஒரு கேமரா ஒரு நாளைக்குச் சுமார் 21 ஜி.பி. எழுதும். 16 கேமராவுக்குக் கிட்டத்தட்ட 345 ஜி.பி. கொட்டேஷனில் 2 டி.பி. ஹார்ட் டிஸ்க் என்று இருந்தால் ஆறு நாள்கூடத் தாங்காது, பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். காலாண்டு விடுமுறையின் முதல் நாள் திருட்டு நடந்தால், பள்ளி திறக்கும்போது பார்க்க எதுவும் மிஞ்சாது. 8 கேமரா, 6 டி.பி. என்று கேளுங்கள், ஒரு மாதம் வரும். பதிவு நிறுவனத்தின் கிளவுடில் இருக்க வேண்டாம். 2023 தனிநபர் தரவுச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தை என்றே பார்க்கிறது. அவர்கள் தரவை வெளியாள் கையில் கொடுத்துவிட்டுப் பெற்றோருக்குப் பதில் சொல்லப் போவது நீங்கள்தான். 2025 ஏப்ரலில் மத்திய அரசின் எஸ்.டி.க்யூ.சி. பாதுகாப்புச் சோதனை கேமராக்களுக்குக் கட்டாயமானது. அந்தச் சோதனையில் தேறியதா என்று மாடல் எண்ணை வைத்துத்தான் பார்க்க முடியும், அதனால் மாடல் எண் இல்லாத கொட்டேஷனைக் கையில் வாங்காதீர்கள்.

பாட வீடியோவுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நம் பாடநூலுக்கான வீடியோக்கள் அரசின் 'மணற்கேணி' செயலியில் இலவசமாகவே இருக்கின்றன, பாடப் புத்தகத்தில் க்யூ.ஆர். குறியீடும் உண்டு. காசு கொடுத்து வாங்குவது உரிமம் முடிந்ததும் திறக்காது. அப்போது அதே ஆள் புதுப்பிக்கும் கட்டணத்தோடு வந்து நிற்பார். இப்போதைக்கு இரண்டு பேனல் வாங்குங்கள். ஆசிரியர்கள் ஒரு பருவம் பயன்படுத்தட்டும், மீதியை அப்புறம் பார்க்கலாம்.

ஏ.எம்.சி. என்ற பராமரிப்பு ஒப்பந்தத்தையும் இப்போதே தலையில் கட்டப் பார்ப்பார்கள். வாரண்டி இருக்கும் வரை அது தேவையே இல்லை. ஒன்றே ஒன்றுக்கு விதிவிலக்கு: கரண்ட் போனால் இவற்றை ஓட வைக்கும் இன்வெர்ட்டரின் பேட்டரி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டியூபுலர் பேட்டரிக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். இந்த வேலை வாரண்டியில் வராது, பள்ளியில் அது யாருடைய வேலையும் ஆகாது. தண்ணீர் வற்றினால் தகடு காய்ந்து பேட்டரி போய்விடும், 'பராமரிக்கவில்லை' என்று வாரண்டியும் கிடைக்காது. இதைவிடப் பெரிய ஆபத்து அதை வைக்கும் இடம். எத்தனையோ பள்ளிகளில் பேட்டரியை மாடிப்படிக்குக் கீழே உள்ள அடைசலில், பழைய விடைத்தாள் கட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வரும். ஒரு தீப்பொறி போதும், மேலே இருக்கும் பிள்ளைகள் இறங்க வேண்டிய படிக்கட்டு அது. காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். பேட்டரிக்கு மட்டும் உள்ளூர்க் கடைக்காரர் ஒருவரிடம் வருட ஒப்பந்தம் போடுங்கள், அவர் ஊற்றிய தேதியைச் சுவரிலேயே எழுதிவிட்டுப் போகட்டும்.

அரசுப் பள்ளிக்கு ஸ்மார்ட் வகுப்பறையை அரசே தருகிறது. உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசுடையது, சுவரும் ஒயரும் நிர்வாகத்தின் தலையில். அங்கே படிப்பதும் அதே ஏழைப் பிள்ளைகள்தான். இந்தப் பாகுபாட்டைப் பற்றிக் கேட்டால் ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டுகிறது. ஆனாலும் உங்கள் பள்ளிக்கும் ஸ்மார்ட் வகுப்பறை கேட்டு நிர்வாகத்தின் பெயரில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள்.

பேனல், கேமரா, வயரிங் மூன்றுக்கும் தனித்தனியாக மூன்று மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். பில்லும் வாரண்டியும் பள்ளியின் பெயரில் இருக்கட்டும். கேமராப் பதிவுப் பெட்டியின் பாஸ்வேர்டு தலைமையாசிரியர் கையில் வந்த பிறகுதான் மீதிப் பணம். முன்பணம் 30 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். கடைசி 10 சதவீதத்தை ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வெளியே மாட்டிய கேமராக்கள் இடி மின்னலில் அந்த இரண்டு மாதத்தில்தான் போகும்.