42 5ஜி தளங்களுக்கு ஒரு கிராண்ட்மாஸ்டர்: ரூபிடியமா, ஓசிஎக்ஸ்ஓவா?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் உள்ள எங்கள் அக்ரிகேஷன் (பல தளங்களின் இணைப்புகள் வந்து சேரும்) நிலையத்தின் கீழ் 42 5ஜி தளங்கள் வரவிருக்கின்றன. எல்லாம் 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும் டிடிடி. செயற்கைக்கோளிலிருந்து நேரத்தை எடுத்து, பிடிபி என்னும் நேரம் பகிரும் நெறிமுறையில் தளங்களுக்கு அனுப்பும் தாய்க் கடிகாரமான கிராண்ட்மாஸ்டருக்கு மூன்று விலைப்புள்ளிகள் வந்துள்ளன. முதலாவது ஓசிஎக்ஸ்ஓ (சீரான சூட்டில் வைத்த குவார்ட்ஸ்) ஆஸிலேட்டர், ஒரே அலைவரிசையைக் கேட்கும் சிங்கிள் பேண்ட் ஜிபிஎஸ். இரண்டாவது ஓசிஎக்ஸ்ஓ, இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் டூயல் பேண்ட் ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் தொகுதிகளின் பொதுப்பெயர்). மூன்றாவது ரூபிடியம் அணுக் கடிகாரம், டூயல் பேண்ட். விலை இரண்டாவதைப் போல இரு மடங்குக்கும் சற்று மேல். மொட்டை மாடி ஆன்டெனாவிலிருந்து ரேக் வரை 60 மீட்டர் கேபிள் ஓட வேண்டும். எதை வாங்கலாம்?

பதில்: முதலாவதை ஒதுக்கிவிடுங்கள். மூன்றாவதில் ஒன்று வாங்கும் பணத்தில் இரண்டாவதில் இரண்டு வாங்கி, இரு வேறு ஊர்களில் வையுங்கள். அப்படி இரண்டாவது இடமோ அதற்கான ஃபைபர் பாதையோ கிடைக்காவிட்டால் மட்டும் ரூபிடியம் வாங்குங்கள்.

டிடிடியில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில், நேரத்தைப் பங்கிட்டு நடக்கின்றன. ஒரு தளத்தின் கடிகாரம் பிந்தினால், பக்கத்துத் தளம் கைபேசியின் மெல்லிய சிக்னலைக் கேட்கும் நேரத்தில் இது முழு வலுவோடு அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஆன்டெனா முனையில் பொது நேரத்திலிருந்து ±1.5 மைக்ரோ விநாடிக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஐடியூ-வின் (பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) ஜி.8271.1 தரம் இதைப் பங்குபோடும் விதத்தில், கிராண்ட்மாஸ்டரிலிருந்து பேஸ் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் சேர்த்து ±1100 நானோ விநாடி. அதில் கிராண்ட்மாஸ்டரின் பங்கு 100 மட்டும். மீதியைத் தின்பவை வழியில் உள்ள ரவுட்டர்களும் ஃபைபரும்.

ஆகவே கிராண்ட்மாஸ்டர் விலைப்புள்ளியைத் திறப்பதற்கு முன் ரவுட்டர்களின் பட்டியலை எடுத்து வையுங்கள். ஜி.8275.1 முறையில் ஒவ்வொரு ரவுட்டரும் பவுண்டரி கிளாக்காக வேலை செய்து, நேரத்தைத் தானே சரிசெய்து அடுத்ததற்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் சேர்க்கும் நிலையான பிழை கிளாஸ் ஏ என்றால் ±50 நானோ விநாடி வரை, பி என்றால் ±20, சி என்றால் ±10. பத்துத் தாவலில் (பத்து ரவுட்டர்களைக் கடக்கையில்) கிளாஸ் ஏ மட்டுமே 500-ஐ விழுங்கிவிடலாம். நடுவில் பிடிபி தெரியாத ஒரே ஒரு ஸ்விட்ச் இருந்தாலும் போதும், அதன் வரிசையில் பாக்கெட்டுகள் காத்திருக்கும் நேரம் நெரிசலுக்கு ஏற்ப ஆடும். அந்த ஆட்டத்தை எந்த ரூபிடியமும் சரிசெய்யாது.

ஃபைபரில் இன்னொரு கண்ணி. போகும் இழையும் வரும் இழையும் சம நீளம் என்று பிடிபி நம்புகிறது. 1 மீட்டர் ஃபைபர் ஏறத்தாழ 5 நானோ விநாடி. இரண்டுக்கும் 100 மீட்டர் வித்தியாசம் என்றால் 500. பிழை அதில் பாதி, 250. ஃபைபர் அறுந்து ஒட்டுப்போட்ட இடங்களிலும், பேட்ச் பேனலில் ஒரு இழை மட்டும் வேறு சுற்றில் போன இடங்களிலும் இது வரும். பைடை எஸ்எஃப்பி (போர்ட்டில் செருகும் இணைப்பு மாட்யூல்) போட்டு ஒரே இழையில் இரு திசையையும் ஓட்டினால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி தீரும். பிடிபி போர்ட்டில் காப்பர் எஸ்எஃப்பி மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் சிப்பின் தாமதம் கணிக்க முடியாதது.

இனி சிங்கிள் பேண்ட் ஏன் கூடாது என்பது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனைக்கு அருகே செல்கிறது. திருநெல்வேலி அருகே இந்திய புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதே இதற்காகத்தான். இந்தப் பகுதிக்கு மேலே அயனி மண்டலம் அடர்த்தியானது. அது ஜிபிஎஸ் சிக்னலைத் தாமதப்படுத்தும் அளவு, சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் பிற்பகலில் பல பத்து நானோ விநாடிகளைத் தொடும். சிங்கிள் பேண்ட் ரிசீவர் பயன்படுத்தும் திருத்த மாதிரி சுமார் பாதியைத்தான் நீக்கும். எல்1, எல்5 என்ற இரண்டு ஜிபிஎஸ் அலைகளையும் கேட்கும் ரிசீவர் இரண்டு அலைகளின் தாமத வித்தியாசத்தை வைத்துத் தானே கணக்கிட்டு நீக்கிவிடும். நேர மூலத்துக்கான இன்னும் கடுமையான பிஆர்டிசி-பி தரமான 40 நானோ விநாடிக்குள் நிற்க வேண்டுமானால் நம் ஊரில் இதைத் தவிர வழியில்லை.

மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில் சூரியன் மறைந்த பிறகு நள்ளிரவு வரை சிக்னல் மினுமினுத்து, ஒன்றிரண்டு செயற்கைக்கோள்கள் பூட்டு இழப்பதும் இங்கே வழக்கம். அலாரம் இரவு எட்டு மணி வாக்கில் வந்து பதினொன்றுக்குத் தானாக அடங்கினால், ஆன்டெனாவைக் கழற்றுமுன் மாதத்தைப் பாருங்கள். ஜிபிஎஸ்ஸோடு ஐரோப்பாவின் கலிலியோவையும் எடுக்கும் ரிசீவர் இதைச் சமாளிக்கும். ஒரே தொகுதியை நம்பக் கூடாது என்பதற்கு 26 ஜனவரி 2016 சாட்சி: பழைய செயற்கைக்கோள் ஒன்றை விலக்கும்போது நடந்த தவறால் ஜிபிஎஸ் ஒளிபரப்பிய யூடிசி (உலகப் பொது) நேரம் சுமார் 13 மைக்ரோ விநாடி பிசகியது. இந்தியாவின் நாவிக்கையும் சேர்க்க விரும்பினால் அதன் எல்5 அலை ஜிபிஎஸ் எல்5-இன் அதே 1176.45 மெகாஹெர்ட்ஸில் இருப்பதால் அதே ஆன்டெனா போதும். நாவிக்கின் இன்னொரு அலையான எஸ் பட்டைக்குப் போதாது.

ஹோல்டோவர், அதாவது ஆன்டெனா போன பிறகு கடிகாரம் தன் காலில் நிற்கும் நேரம். இதில்தான் விற்பனையாளர்கள் அதிகம் பேசுவார்கள். விவரத்தாளில் "1.5 மைக்ரோ விநாடிக்கு 24 மணி நேரம்" என்று இருந்தால் மயங்க வேண்டாம், 1.5 முழுவதும் உங்கள் கையில் இல்லை. ரவுட்டரும் ஃபைபரும் தின்றது போக, ஹோல்டோவருக்கு 400 நானோ விநாடி மிஞ்சும் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஓசிஎக்ஸ்ஓ நாளொன்றுக்கு 1000 கோடியில் ஒரு பங்கு முதுமையடைந்தால், அதாவது அதன் அலைவெண் அவ்வளவு நகர்ந்தால், ஒரு நாளில் பிழை 4.3 மைக்ரோ விநாடி. பிழை நேரத்தின் இருபடியில் வளர்வதால் 400 நானோ விநாடியை 7 மணி நேரத்தில் தொட்டுவிடும். தொடக்கத்திலேயே சிறு அலைவெண் பிசகு இருந்தால் 5 மணி நேரத்தில். மாதத்துக்கு 2000 கோடியில் ஒரு பங்கு முதுமையடையும் ரூபிடியம் இதே கணக்கில் ஏறத்தாழ இரண்டு நாள் தாங்கும்.

இரண்டு கணக்கும் மாறாத வெப்பநிலைக்கு. இடி விழுந்தால் ஆன்டெனாவும் மின்சாரமும் சேர்ந்தே போகும். கடிகாரம் –48 வோல்ட் பேட்டரியில் ஓடும், ஏசி ஓடாது. அறை 25-லிருந்து 45 டிகிரிக்கு ஏறும்போது ஓசிஎக்ஸ்ஓவின் அலைவெண் நகரும். வெப்பநிலை மாறும்போது ஹோல்டோவர் எவ்வளவு என்ற எண்ணை எழுத்தில் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

ஆக, வடகிழக்குப் பருவமழையில் ஒரு ஆன்டெனா போனால் மாற்ற இரண்டு நாள் ஆகும் ஊருக்கு ஒற்றை ஓசிஎக்ஸ்ஓ போதாது. ஆனால் 30, 40 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஓசிஎக்ஸ்ஓ கிராண்ட்மாஸ்டர் தன் சொந்த ஆன்டெனாவோடு இருந்து, வேறு ஃபைபர் பாதையில் வந்தால், ரவுட்டர்கள் தாமாக அதற்கு மாறிக்கொள்ளும். ரூபிடியம் இரண்டு நாளில் முடிந்துவிடும். இந்த இரட்டை ஏற்பாடு ஆன்டெனா சரியாகும் வரை ஓடும். மேலும் ரூபிடியம் பெட்டியின் பவர் சப்ளை போனால் அதன் துல்லியத்தால் பயனில்லை. இரண்டோடும் சின்க்-ஈ (ஈதர்நெட் வழியே அலைவெண்ணை அனுப்பும் முறை) இணைப்பையும் இயக்கி வையுங்கள். ஃபேஸ் (நேர ஒத்திசைவு) இல்லாவிட்டாலும் அலைவெண் வலையமைப்பிலிருந்து வந்துகொண்டிருக்கும்.

கிளையண்ட் (கிராண்ட்மாஸ்டரிடம் நேரம் பெறும் கருவி) லைசென்ஸில் பணம் மிச்சப்படுத்தலாம். ஜி.8275.1-இல் கிராண்ட்மாஸ்டர் பேசுவது ஒட்டியிருக்கும் ரவுட்டர்களோடு மட்டும். 42 தளங்களுக்கு 42 லைசென்ஸ் தேவையில்லை. பிடிபி தெரியாத பகுதி வழியே ஒவ்வொரு தளத்தோடும் தனித்தனியே பேசும் யூனிகாஸ்ட் முறையான ஜி.8275.2 ஓட்டினால்தான் தளம் ஒவ்வொன்றும் கணக்கில் வரும்.

60 மீட்டர் கேபிளுக்கு எல்எம்ஆர்-400 வகை எடுங்கள்: 60 மீட்டரில் சுமார் 10 டெசிபெல் இழப்பு. நால்வழி ஸ்பிளிட்டருக்கு 6, 7. மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டருக்கும் கனெக்டர்களுக்கும் ஒன்று. ஆன்டெனா ஆம்ப்ளிஃபயர் 38–40 டெசிபெல் கொடுத்தால் தாராளம். மெல்லிய ஆர்ஜி-58 போட்டால் கேபிளே 40 டெசிபெல்லைத் தொடும். அரெஸ்டர், ஆன்டெனாவுக்குப் போகும் 5 வோல்ட் டிசியைக் கடத்தும் வகையாக இருக்க வேண்டும். தவறான வகையை மாட்டிவிட்டு ஆன்டெனாவைக் குறை சொல்வது அடிக்கடி நடப்பது. எல்எம்ஆர்-400-இன் தாமதம் மீட்டருக்கு ஏறத்தாழ 4 நானோ விநாடி, மொத்தம் 240. இதைக் கருவியில் பதிய மறந்தால் கடிகாரம் 240 பிந்தும். 42 தளமும் ஒன்றாகப் பிந்துவதால் உள்ளே எதுவும் தெரியாது. வேறு கிராண்ட்மாஸ்டரின் கீழுள்ள பக்கத்துப் பகுதி தொடங்கும் எல்லையில் மட்டும் பிழை தலைகாட்டும். கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகும் கோளாறு இது. ஸ்பிளிட்டர், அரெஸ்டர் தாமதத்தையும் சேர்த்தே பதியுங்கள்.

ஆன்டெனா, இடிதாங்கியின் பாதுகாப்புக் கூம்புக்குள், நான்கு பக்கமும் வானம் தெரியும் இடத்தில் இருக்கட்டும். டவர் ஆன்டெனாக்களின் கதிர் நேரே படக்கூடாது. இரு கிராண்ட்மாஸ்டருக்கும் –48 வோல்ட் இரட்டை ஊட்டம் வேண்டும்.

ஏற்புச் சோதனையை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். கருவி ஏழு நாள் ஜிஎன்எஸ்எஸ்ஸில் பூட்டியிருந்து தன் ஆஸிலேட்டரைக் கற்றுக்கொள்ளட்டும். பிறகு தனி ரூபிடியமும் தனி ஆன்டெனாவும் உள்ள அளவுமானியை 1பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு ஒரு துடிப்பு தரும் வெளியீடு) இணைத்து 24 மணி நேரம் பதிவு செய்யுங்கள். ஒரு மாலை நேரமாவது அதில் அடங்க வேண்டும். அடுத்து ஆன்டெனாவைக் கழற்றி, ஏசியை நிறுத்தி, 8 மணி நேரம் பாருங்கள். மீண்டும் மாட்டும்போது நேரம் ஒரேயடியாகத் தாவுகிறதா, மெல்ல நகர்ந்து சேர்கிறதா என்று கவனியுங்கள். தாவினால் அத்தனை தளங்களும் ஒருசேர அலறும். கடைசியாக, பேஸ் ஸ்டேஷன் வாசலில், அதிகத் தாவல்கள் உள்ள தளத்தில், அதே அளவுமானியால் அளந்து 1100-க்குள் வருகிறதா என்று பாருங்கள். இந்தப் பதிவுகள் கைக்கு வரும் வரை கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம்.